பிடிஓ ஷாஃப்ட் சீக்கிரமே தேய்வது ஏன்? ரோட்டவேட்டர் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பொள்ளாச்சி தோப்பில் தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷின். உடுமலை பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின். கோபி வயலில் சேற்றை உழும் ரோட்டவேட்டர். வேலை வேறு வேறு. ஆனால், டிராக்டரின் சக்தியை இவற்றுக்குக் கொண்டு போவது ஒரே பொருள்தான்: பிடிஓ ஷாஃப்ட்.

இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய நாளைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள்கூட இந்த ஷாஃப்டைக் கண்டுகொள்வதில்லை. 'கடகட'வென்று சத்தம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குள் கிராஸ் போயிருக்கும். சில நேரம் டிராக்டரின் பிடிஓ தண்டே தேய்ந்திருக்கும். மழை பெய்து மண் பதமாக இருக்கும் இரண்டு, மூன்று நாளில் வண்டி பட்டறையில் நின்றால், அந்த இழப்பு பில் தொகையோடு முடிவதில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஷாஃப்டைத் தேய வைக்கும் பழக்கங்கள் சிலதான் வேட்டியையும் சேலையையும் இழுத்து ஆளைச் சாய்க்கும் விபத்துக்கும் காரணமாகின்றன. ஷாஃப்டைப் பாதுகாப்பதும் ஆளைப் பாதுகாப்பதும் பெரும்பாலும் ஒரே வேலைதான்.

பிடிஓ ஷாஃப்ட் எப்படி வேலை செய்கிறது?

டிராக்டரின் பின்பக்கம் பல் வெட்டிய ஒரு குட்டையான தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிடிஓ. பெரும்பாலான டிராக்டர்களில் இதன் தடிமன் 35 மில்லிமீட்டர். அதில் 6 பற்கள் இருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது இதன் வழக்கமான வேகம். டிராக்டரில் பிடிஓ வைத்து விற்கும் முறையை 1918-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

இந்தத் தண்டையும் கருவியின் கியர் பாக்ஸையும் இணைப்பதுதான் ஷாஃப்ட். இதில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் சுருங்கவும் கூடிய இரண்டு குழாய்கள் இருக்கும். இரு முனையிலும் கவட்டை மாதிரி யோக் இருக்கும். இரண்டு யோக்கைச் சேர்ப்பது கூட்டல் குறி வடிவத்தில் உள்ள கிராஸ். கிராஸின் நான்கு முனையிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங் கப் இருக்கும். லாரிக்கு அடியில் சுழலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் இதே கிராஸ்தான்.

தேய்மானம் வருவது முக்கியமாக மூன்று இடத்தில். ஒன்று, கிராஸ் பேரிங். இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று ஓடும் குழாய்கள். மூன்று, டிராக்டர் தண்டில் மாட்டும் பற்கள்.

கிரீஸ் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

கிராஸ் பேரிங்கில் இருக்கும் ஊசி உருளைகள் முழுச் சுற்று சுற்றுவதில்லை. ஷாஃப்ட் சுழலும்போது அவை முன்னும் பின்னும் கொஞ்சமாக ஆடும், அவ்வளவுதான். அதனால் ஒரே இடத்தில்தான் அழுத்தம் விழும். அங்கே கிரீஸ் வற்றினால் உலோகமும் உலோகமும் உரசி, கிராஸில் கோடு கோடாகப் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் அந்தப் பள்ளம் மறையாது.

கொங்குப் பகுதியில் இதற்கு உதவியாக மூன்று எதிரிகள் இருக்கிறார்கள். கோடை உழவில் கிளம்பும் செம்மண் புழுதி. சேற்றுழவில் பேரிங்குக்குள் போகும் தண்ணீர். தோப்புகளில் சுற்றிக்கொள்ளும் தென்னை நாரும் கோரையும். இதில் நார்தான் மோசம். யோக் ஓரத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பேரிங்கின் ரப்பர் சீலைக் கிழித்துவிடும். சீல் போனால் கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்கணும்? ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. கையேடு கையில் இல்லை என்றால், 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, அதாவது ஒரு நாள் வேலைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். சேற்றில் ஓட்டினால் அன்று வேலை முடிந்ததுமே அடித்துவிட வேண்டும். உள்ளே போன தண்ணீரை இரவு முழுக்கத் தங்க விடக் கூடாது.

எந்த கிரீஸ்? பெரும்பாலான ஷாஃப்டுகளுக்கு லித்தியம் கிரீஸ், 2-ஆம் எண் தரம் போதும். நிப்பிளைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் கன்னை வைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் மேல் இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம்.

பலர் இரண்டு கிராஸுக்கும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நடுக் குழாய்களை மறந்துவிடுகிறார்கள். வரப்பில் ஏறி இறங்கும்போதும், கருவியைத் தூக்கி இறக்கும்போதும் அந்தக் குழாய்கள் வழுக்கி ஓட வேண்டும். கிரீஸ் இல்லாமல் அவை பிடித்துக்கொண்டால், அந்தத் தள்ளு விசை நேராக டிராக்டரின் பிடிஓ பேரிங்குக்கும் ரோட்டவேட்டர் கியர் பாக்ஸுக்கும் போகும்.

கருவியைத் தூக்கியபடி ஷாஃப்டை ஓட விடலாமா?

அதிகத் தேய்மானம் நடப்பது இங்கேதான். வயல் ஓரத்தில் வண்டியைத் திருப்பும்போது, பிடிஓவை நிறுத்தாமலே ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்புவது பல ஓட்டுநர்களின் வழக்கம். ஒரு நிமிடம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தூக்கும்போது ஷாஃப்டின் கோணம் கூடுகிறது.

கிராஸ் இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருக்கும்போது ஒரே சீராகச் சுற்றும். வளைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இருவரின் பெயராலும் இந்த இணைப்பு அழைக்கப்படுகிறது.

கணக்கைப் பார்த்தால் புரியும். டிராக்டர் 540 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கிராஸில் கோணம் 15 டிகிரி என்றால், அதற்கு அடுத்த பகுதியின் வேகம் சுமார் 522-க்கும் 559-க்கும் இடையே ஆடும். அதே கோணம் 30 டிகிரி ஆனால், 468-க்கும் 624-க்கும் இடையே ஆடும். கோணம் இரண்டு மடங்கானால் ஆட்டம் நான்கு மடங்குக்கும் மேல். அதுவும் ஒரு வினாடிக்கு 18 முறை. ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சின்ன ஊசி உருளைகள்தான்.

அப்படியானால் கோணம் இருக்கவே கூடாதா? இருக்கலாம். இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால், முதல் கிராஸ் உண்டாக்கும் ஆட்டத்தை இரண்டாவது கிராஸ் சரிசெய்துவிடும். கருவி தரையில் இருக்கும்போது டிராக்டர் தண்டும் கியர் பாக்ஸ் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். டாப் லிங்க்கைத் திருகி இதைச் சரிசெய்யலாம். கருவியைத் தூக்கும்போது அது டிராக்டர் பக்கமாகச் சாய்வதால் இந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது.

எனவே செய்ய வேண்டியது:

- தொடர்ந்து ஓடும் வேலையில் கோணம் 15 டிகிரிக்குள் இருப்பது நல்லது.
- ஓரத்தில் திருப்பும்போது பிடிஓவை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும்.
- ஹைட்ராலிக் லீவருக்கு ஒரு தடுப்பு வைத்து, கருவி தேவைக்கு மேல் எழாமல் பார்த்துக்கொள்ளலாம்.
- பிடிஓவைப் போடும்போது இன்ஜின் வேகம் குறைவாக இருக்க வேண்டும். ரோட்டவேட்டர் கத்தி தரையை ஒட்டி, ஆனால் மண்ணில் பதியாமல் இருக்க வேண்டும். முழு வேகத்தில் சுற்றும் ரோட்டவேட்டரைக் கெட்டி மண்ணில் தடாலென்று இறக்கக் கூடாது.

டிராக்டர் மாறினால் ஷாஃப்ட் நீளமும் மாறுமா?

ரோட்டவேட்டர் சொந்தம், டிராக்டர் வாடகை. இப்படி இருக்கும் தோட்டங்களில் இந்தக் கேள்வி முக்கியம். போன வருடம் ஒரு கம்பெனி டிராக்டர், இந்த வருடம் வேறு ஒன்று. பிடிஓ தண்டுக்கும் கருவிக்கும் உள்ள தூரம் வண்டிக்கு வண்டி மாறும். ஷாஃப்ட் மட்டும் அதே பழையது.

ஷாஃப்ட் நீளம் கூடினால், கருவியைத் தூக்கி இறக்கும் வழியில் குழாய்கள் முழுதாக உள்ளே போய் முட்டும். முட்டினால் டிராக்டரின் பிடிஓ பேரிங் அடி வாங்கும். நீளம் குறைந்தால், குழாய்கள் ஒன்றை ஒன்று போதுமான அளவு பிடிக்காது. கொஞ்ச இடத்தில் மட்டும் பாரம் விழுந்து குழாய் தேயும், முறுக்கிக்கொள்ளும், கடைசியில் கழன்று வீசும்.

வழி இதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பாதியையும் தனித்தனியாக மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தூரம் மிகக் குறைவாக இருக்கும் நிலையிலும் குழாய் முட்டாமல் ஓரிரு அங்குலம் இடைவெளி வேண்டும். வேலை செய்யும் நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்ட வேண்டி வந்தால் உள் குழாய், வெளிக் குழாய், மேல் காவர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டி, பிசிறைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கழற்றி மாட்டும்போது நடக்கும் தவறு

நடுக் குழாய்க்குப் பதில் சதுரக் கம்பி உள்ள ஷாஃப்டுகளும் ஓடுகின்றன. இவற்றைக் கழற்றிவிட்டு மாட்டும்போது கால் சுற்று மாறி உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு. பார்க்க எந்தக் குறையும் தெரியாது. ஆனால் இரண்டு முனை யோக்கும் ஒரே வரிசையில் இல்லாமல் போய்விடும். அப்போது இரண்டாவது கிராஸ் ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். புது கிராஸ் போட்டும் அதிர்வு நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கழற்றுவதற்கு முன் இரண்டு பாதியிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். பத்து வினாடி வேலை.

அதேபோல, தேய்ந்த யோக்கை வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து ஓட்டும் பழக்கமும் இருக்கிறது. சூடு பட்டால் உலோகத்தின் கெட்டித்தன்மை மாறும். துளை கொஞ்சம் கோணலானாலும் புது பேரிங் நீடிக்காது. யோக்கின் துளை விரிந்துவிட்டால் யோக்கையே மாற்றுவதுதான் சரி.

ஷாஃப்டை டிராக்டர் தண்டில் மாட்டும்போது சுத்தியலால் அடிக்கக் கூடாது. அந்த அடி பேரிங்குக்குப் போகும். பற்களைத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, லாக் பின் 'டக்'கென்று பள்ளத்தில் உட்காருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். லாக் சரியாக விழாமல் முன்னும் பின்னும் ஆடும் யோக், தன்னோடு சேர்த்து டிராக்டர் தண்டின் பற்களையும் தின்றுவிடும். யோக்கை மாற்றுவது சின்னச் செலவு. டிராக்டர் தண்டை மாற்றுவது அப்படியல்ல.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதா?

பல ரோட்டவேட்டர் ஷாஃப்டுகளில் ஒரு முனையில் ஷியர் போல்ட் இருக்கும். கத்தி கல்லிலோ வேரிலோ மாட்டினால் முதலில் இந்த போல்ட் உடைய வேண்டும். அது உடைந்தால்தான் ஷாஃப்டும் கியர் பாக்ஸும் தப்பும். அதற்காகவே வைத்த போல்ட் அது.

சரளை மண்ணிலும் தோப்பிலும் அடிக்கடி உடைகிறதே என்று, உடையாத ஹை டென்சைல் போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி வைப்பது மாதிரிதான் இது. அடுத்த கல்லில் உடைவது போல்ட்டாக இருக்காது. கம்பெனி சொன்ன அளவு, சொன்ன தரத்தில் நான்கு போல்ட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்ட் என்றால் வேறு சிக்கல். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அது வழுக்கவே வழுக்காது. சீசன் தொடக்கத்தில் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, கிளட்சை ஒரு முறை வழுக்க விட்டு, மறுபடி கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்க வேண்டும்.

காவரைக் கழற்றிப் போடுவது ஏன் ஆபத்து?

புது ஷாஃப்ட் வரும்போது மேலே பிளாஸ்டிக் காவர் இருக்கும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று முதலில் கழற்றி மூலையில் போடுவது இதைத்தான். காவர் போனதும் நாரும் புழுதியும் நேராக ஷாஃப்டில் படும். தேய்மானம் கூடும். ஆனால் அதைவிடப் பெரிய விலை வேறு.

540 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 9 சுற்று. 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஷாஃப்ட் ஒரு சுற்றுக்குச் சுமார் 19 சென்டிமீட்டர் துணியை இழுக்கும். அதாவது ஒரு வினாடியில் ஏறக்குறைய 1.7 மீட்டர். வேட்டி நுனியோ, தோள் துண்டோ, முந்தானையோ மாட்டியது என்று மூளை உணர்ந்து கை அசைவதற்குள் முக்கால் மீட்டர் துணி சுற்றியிருக்கும். மனித பலத்தால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. நின்ற இடத்தில் ஓடும் மக்காச்சோள மெஷின், மட்டை தூளாக்கும் மெஷின் பக்கத்தில் ஆட்கள் நடமாட்டம் அதிகம் என்பதால் அங்கே ஆபத்தும் அதிகம்.

காவர் என்பது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் உறை அல்ல. உள்ளே ஷாஃப்ட் சுற்ற, காவர் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் சின்னச் சங்கிலி கொடுத்திருக்கிறார்கள். சங்கிலியை மாட்டாமல் விட்டால் காவரும் சேர்ந்தே சுற்றும். அப்போது அது காவரே இல்லை. காவரின் உள் வளையத்துக்கும் கிரீஸ் வேண்டும். நிப்பிளுக்கு வழி விட்டிருக்கும் துளை எங்கே இருக்கிறது, அல்லது காவரை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று வாங்கும் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால், கழற்றிப் போட வேண்டிய அவசியமே வராது.

ஓடும் ஷாஃப்டைத் தாண்டிப் போகக் கூடாது. சுற்றிய நாரை எடுக்க, ஷியர் போல்ட் மாற்ற, கிரீஸ் அடிக்க, எதற்காக இருந்தாலும் பிடிஓவை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். யாராவது மாட்டிக்கொண்டால் முதல் வேலை இன்ஜினை அணைப்பது. அடுத்தது 108-க்கு அழைப்பது.

5 நிமிடத்தில் சோதிப்பது எப்படி?

வாரம் ஒரு முறை, வண்டி நின்று ஷாஃப்ட் ஆறிய பிறகு இதைப் பார்க்கலாம்.

1. கிராஸின் இரு பக்க யோக்கையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டத்தில் கிராஸை மட்டும் மாற்றினால் போதும்.

2. பேரிங் கப் ஓரத்தில் சிவப்புப் பொடி இருக்கிறதா? செம்மண் என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம். துடைத்த பிறகு ஒரு நாள் ஓட்டத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தால், அது கிரீஸ் இல்லாமல் உரசும் இரும்பின் துரு.

3. கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கிறதா? ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்த வழி அடைத்திருக்கிறது. அந்த முனைதான் முதலில் போகும்.

4. நடுக் குழாய் கையால் இழுத்தால் தடங்கல் இல்லாமல் நீண்டு சுருங்குகிறதா?

5. காவர் விரிசல் இல்லாமல் இருக்கிறதா, சங்கிலி மாட்டியிருக்கிறதா?

சீசன் முடிந்த பிறகு?

பிரஷர் வாஷ் செய்யும்போது பேரிங் கப்பை நோக்கி நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. கழுவினால் உடனே கிரீஸ் அடிக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி, குழாய்களைப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் தடவி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். கருவியோடு ஒரு முனை மாட்டியபடி மறு முனையை மண்ணில் போட்டு வைத்தால் யோக்குக்குள் மண் ஏறும், பற்கள் துருப்பிடிக்கும்.

வாடகைக்கு எடுப்பவர்களும் கேட்கலாம்

மணிக் கணக்கில் வாடகைக்கு ஓடும் வண்டியில் கிரீஸ் அடிப்பது யார் பொறுப்பு என்பது பல நேரம் யாருக்கும் தெரியாது. ஓனர் டிரைவரை நினைப்பார், டிரைவர் நேரத்தை நினைப்பார். ஒரு நாள் வேலைக்கு 10 நிமிடம் கிரீஸுக்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இரு தரப்புக்கும் லாபம். தன் தோட்டத்துக்கு வரும் மெஷினில் காவர் இருக்கிறதா என்று கேட்பதில் தோட்டக்காரருக்கும் தயக்கம் தேவையில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்யப் போவது அவர் வீட்டு ஆட்கள்தான்.

தமிழ்நாடு வேளாண் பொறியியல் துறையும் டிராக்டர், ரோட்டவேட்டர் போன்றவற்றை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் இதற்கு முன்பதிவு செய்யலாம். கருவி சம்பந்தமான தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை இயந்திரப் பிரிவும், மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால்: தினமும் கிரீஸ், தூக்கும் முன் பிடிஓ நிறுத்தம், டிராக்டர் மாறினால் நீளச் சோதனை, சரியான ஷியர் போல்ட், சங்கிலி மாட்டிய காவர். இந்த ஐந்தும் இருந்தால் கிராஸ் நீண்ட நாள் உழைக்கும். இதில் காவரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட வேண்டாம். மற்ற நான்கும் விட்டுப்போனால் பணத்தோடு போகும்.